ஒன்றரை வருடத்தில் மூன்று செட் பிரேக் ஷூ

போன வாரம் பின் சக்கரப் பிரேக் டிரம் இரண்டையும் கழற்றி, உள்ளே ஷூவின்மேல் இருக்கிற உராய்வுப் பட்டையில், அதாவது லைனிங்கில், வெர்னியர் வைத்துக் கனம் பார்த்தேன். இடப்பக்கம் 5.5 மி.மீ., வலப்பக்கம் 5.3. புதிதாகப் போட்ட அன்று 6 இருந்தது. நடுவில் வண்டி 5,000 மைல் ஓடியிருக்கிறது. இதற்கு முந்திய செட் இந்தத் தூரம் வருவதற்குள் ரிவெட் தலை டிரம்மில் கீறுகிற அளவுக்குப் போய்விட்டது. ஆக, வேலை முடிந்துவிட்டது என்று இப்போது துணிந்து சொல்லலாம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

வண்டி டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், 1994 மாடல், 2.8 லிட்டர் டீசல், நாலு சக்கர டிரைவ். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்தது, அதனால் ஸ்டீயரிங் வலப்பக்கம். பர்மாவில் 1970இல் வண்டிகளை வலப்பக்கம் ஓட்டச் சொல்லிவிட்டார்கள், ஸ்டீயரிங் மட்டும் ரொம்ப வண்டிகளில் இன்னும் பழைய பக்கமே இருக்கிறது. இது ஏதோ ஊர்க்கதை என்று நினைக்க வேண்டாம். என் பிரேக் கதையில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

என் பிழைப்பு முடோன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றி மோல்மேனில் இறக்குவது. ஒரு நடை 18 மைல். ஒரு லோடு 700 வீசை. பர்மா வீசை 1.63 கிலோ, ஆகவே கிட்டத்தட்ட 1,140 கிலோ. இந்த வண்டிக்கு அது கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் வாங்கிய நாளிலிருந்து இதே பாரம்தான் ஏற்றுகிறேன், இதே ரோடுதான். மலையும் இல்லை, பெரிய இறக்கமும் இல்லை. வண்டியோடு வந்த ஷூ 40,000 மைல் தாங்கியது. அப்படிப்பட்ட வண்டி திடீரென்று ஷூவைத் தின்ன ஆரம்பித்தால் பாரத்தைக் குற்றம் சொல்ல முடியுமா? நான் சொன்னேன். அதுதான் முதல் தப்பு.

முதல் செட் தாய்லாந்து சரக்கு, பர்மா காசில் 1,40,000 கியாட். 6,500 மைலில் முடிந்தது. சரி, போலிச் சரக்கை நம் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். இரண்டாவது முறை காசு பார்த்து 65,000 கியாட்டுக்குச் சீன செட் போட்டேன். அது 4,000 மைல். மூன்றாவது முறை, பழைய ஷூவின் இரும்பு ஜப்பான் அசல்தானே, அதிலேயே நல்ல லைனிங் ஒட்டி ரிவெட் அடித்தால் என்ன என்று 48,000 கொடுத்துச் செய்தேன். கூடவே டிரம் இரண்டையும் லேத்தில் கொடுத்தேன்.

லேத் மாமா நம் ஆள், மோல்மேனிலேயே பிறந்து வளர்ந்தவர். கரண்டு இல்லாத நேரம் ஜெனரேட்டரில் ஓட்டுவார், அதற்குத் தனிக் காசு. டிரம்மைக் கையில் எடுத்ததும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, இப்பிடி நீலம் பூத்திருக்கு? அடுப்புலயா வச்சிருந்தே?" என்றார். உள்வட்டத்தில் அங்கங்கே காசு அகலத்துக்கு நீலக் கறை. அளந்தார். வலது டிரம் 295.9 மி.மீ., ஆனால் குறுக்கே திருப்பி அளந்தால் 0.3 வித்தியாசம், அதாவது வட்டம் கெட்டிருக்கிறது. இடது பரவாயில்லை. இந்த டிரம்மின் அசல் விட்டம் 295, மேலே வார்ப்பிலேயே 297 வரைதான் என்று போட்டிருக்கிறது. வலதை 296.4க்கும் இடதை 296.1க்கும் கடைந்து கொடுத்தார். ஒரு டிரம்முக்கு 20,000.

அன்று மாமா கேட்ட கேள்வியை நான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரும்பு நீலம் பூக்க வேண்டுமென்றால் எவ்வளவு சூடு ஏற வேண்டும்! அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று யோசிக்காமல், கடைந்தாகிவிட்டது, இனி சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த செட் 4,800 மைல்.

அதற்குப் பிறகுதான் சூட்டை அளக்கலாம் என்று தோன்றியது. யோசனை மச்சானுடையது. கொரோனா காலத்தில் நெற்றியில் காட்டிச் சூடு பார்க்க வாங்கிய துப்பாக்கி வீட்டில் கிடந்தது. லோடு இறக்கிய கையோடு அதை டிரம்மில் காட்டினான். எல்லா டிரம்முக்கும் ஒரே பதில், எண்ணே வரவில்லை. காய்ச்சலுக்குச் செய்தது நாற்பத்துச் சொச்சம் டிகிரிக்கு மேல் எதைச் சொல்லும்? சிரித்துவிட்டு, பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் ஜாதியில் ஒன்று 58,000 கொடுத்து வாங்கினேன். இந்தக் கதையில் நான் வருத்தப்படாமல் கொடுத்த காசு அது ஒன்றுதான்.

இந்தத் துப்பாக்கி பளபளப்பான உலோகத்தைக் குறைத்துக் காட்டும். முன் டிஸ்க்கின் பளிச்சென்ற முகத்தில் அடித்துவிட்டு, அட சூடே இல்லையே என்று ஏமாறக் கூடாது. துருப்பிடித்த ஓரத்தில், அல்லது கறுப்புப் பெயிண்ட் ஒரு பொட்டு வைத்து அதன்மேல் காட்ட வேண்டும். நான் நாலு சக்கரத்திலும் பொட்டு வைத்தேன்.

புது ஷூ போட்டு ஓட விட்டு, மோல்மேனில் நிறுத்தியதும் எடுத்த கணக்கு இது: பின் வலது 168 டிகிரி, பின் இடது 131, முன் இரண்டும் 60ஐ ஒட்டி. வெளியே வெயில் 31.

இதைப் பார்த்ததும் என் கண் போனது வலது 168இல்தான். இடதைவிட 37 டிகிரி அதிகம், அப்படியானால் வலது சக்கரம் உராய்ந்துகொண்டே ஓடுகிறது. நியாயமான எண்ணம்தான். ஆனால் அதே தாளில் முன் சக்கரம் 60 என்று நானே எழுதி வைத்திருந்தேன், அதைப் படிக்கவில்லை. இந்த மாதிரி வண்டியில் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலை செய்ய வேண்டும். வண்டி நிற்கும்போது கனம் முன்னால் சாயும் என்பது மாட்டுவண்டி ஓட்டியவனுக்குக்கூடத் தெரியும்.

வலது பின் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன். அரைச் சுற்றில் நின்றது. டிரம் வரவில்லை. இந்த டிரம்மின் முகத்தில் மரை போட்ட இரண்டு துளை இருக்கும், அவற்றில் 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானாக வெளியே தள்ளி வரும். சுத்தியலால் அடித்து ஓரத்தை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திறந்ததும் தூசியை ஊதவில்லை. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோப்புத் தண்ணீர் தெளித்து நனைத்துத் துணியால் வழித்தேன். என் அப்பா காலத்து ஆட்கள் வாயால் ஊதித்தான் வேலை செய்தார்கள்.

ஹேண்ட் பிரேக் கேபிள் வந்து முடிகிற இடத்தில், தட்டுக்குப் பின்புறம், முழங்கை மாதிரி வளைந்த ஓர் இரும்பு இருக்கிறது. பெல் கிராங்க் என்பார்கள். கேபிள் இழுத்தால் அது திரும்பி உள்ளே நெம்பைத் தள்ளும், விட்டால் திரும்பி வர வேண்டும். என்னுடையது பாதி வழியிலேயே சேறும் துருவுமாக இறுகி நின்றுவிட்டது. அதாவது ஹேண்ட் பிரேக் கொஞ்சம் போட்டபடியே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வலது மட்டும் ஏன்? எதிரே லாரி வந்தால் நாம் ஒதுங்குவது வலது ஓரத்துக்கு. வலது சக்கரம்தான் தார் ரோட்டை விட்டுச் செம்மண்ணில் இறங்கும். ஸ்டீயரிங்கும் வலப்பக்கமே இருப்பதால் ஓரம் எனக்கு நன்றாகத் தெரியும், பயமில்லாமல் இன்னும் கொஞ்சம் இறக்குவேன். வருடத்துக்கு ஏறக்குறைய 4,800 மி.மீ. மழை கொட்டுகிற ஊரில் ஓரம் என்றாலே சேறு. பெல் கிராங்கின் ரப்பர் மூடி கிழிந்து பல வருடம் ஆகியிருக்கும்.

பெல் கிராங்க் திரும்புகிற ஆணியை, பின் என்பார்கள், வெளியே எடுக்க ஒரு நாள் முழுக்கப் போனது. டீசல் ஊற்றி ஊறப்போட்டு, அடித்து, மறுபடி ஊறப்போட்டு, கடைசியில் கேஸ் அடுப்பில் கம்பி காய்ச்சிச் சூடு வைத்துத்தான் வந்தது. துளையை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் தேய்த்து, புதுப் பின், கிரீஸ், புது மூடி போட்டேன். இடதையும் கழற்றி அதே மாதிரி செய்தேன். இந்த வண்டியில் ஷூ தேயத் தேயத் தானாக நெருங்கி வருவதும் ஹேண்ட் பிரேக் இழுக்கும்போதுதான் நடக்கிறது. நான் ஹேண்ட் பிரேக்கே போடுவதில்லை, கியரில் போட்டுவிட்டு இறங்குகிறவன். பெடல் ஆழமாகப் போகிறதே என்று அவ்வப்போது அட்ஜஸ்டரைக் கையால் இறுக்கிக்கொண்டிருந்தேன், அதுவும் அளவுக்கு மீறி. இந்த முறை சக்கரம் பிடிக்கும்வரை இறுக்கி, அப்புறம் எட்டுப் பல் தளர்த்திவிட்டேன்.

மறுநாள் லோடோடு போய் அளந்தேன். வலது 133, இடது 130. கண்டுபிடித்துவிட்டோம் என்று மச்சானுக்கு டீயும் சமோசாவும் வாங்கிக் கொடுத்தேன். அவன்தான் கேட்டான்: "ரெண்டும் ஒண்ணா வந்துடுச்சு அத்தான். ஆனா ரெண்டும் நூத்தி முப்பதுதானே?"

அந்தக் கேள்வியை ஒரு மாதம் தள்ளிப் போட்டேன். அந்த மாதமும் ஷூ தேய்ந்துகொண்டுதான் இருந்தது. இப்படியே போனால் மறுபடி புது ஷூதான்.

மே மாத முதல் மழை. லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போது, வின்செயின் தோயா சயனப் புத்தர் சிலைக்குத் திரும்பும் இடத்தில் யாத்திரை பஸ் ஒன்று திடீரென்று நின்றது. அந்தச் சிலை 180 மீட்டர் நீளம், அதைப் பார்க்கிற யாரும் சிக்னல் போட்டு நிற்பதில்லை. பிரேக் அடித்தேன். வண்டியின் வால் இடப்பக்கம் சுழன்று போனது. பஸ்ஸுக்கு ஓர் ஆள் இடைவெளியில் குறுக்காக நின்றேன். இது முதல் தடவை இல்லை. மழையில் இப்படி வால் போவதை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், டயர் மொட்டை என்று சொல்லிச் சொல்லி டயர்கூட மாற்றிவிட்டேன்.

இந்த முறை டயர் புதுசு. வால் சுழல வேண்டுமானால் பின் சக்கரம் முன் சக்கரத்துக்கு முந்திப் பூட்டிக்கொள்ள வேண்டும். வெறும் வண்டியில் பின்னால் கனமே இல்லை, அங்கே அவ்வளவு அழுத்தம் போகவே கூடாது. போகாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த வண்டியில் ஒரு வால்வு இருக்கிறது. பின் அச்சுக்கு மேலே சேசிஸில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு நீளமான ஸ்பிரிங் கம்பி வந்து, சின்ன லிங்க் ஒன்றின் வழியாக அச்சோடு சேரும். பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால் லிங்க் கம்பியை மேலே தள்ளும், வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். பாரம் இறங்கினால் குறைக்கும். எங்கள் பக்கம் லோடு வால்வு என்பார்கள்.

ஜாக்கி போட்டு, மரக்கட்டை முட்டு வைத்து, டார்ச்சோடு அடியில் படுத்தேன். அடிப்பாகம் முழுக்கத் துருவுக்காக அடித்த கறுப்புப் பூச்சு, அதன்மேல் சேறு. லிங்க் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை. ஒரு முனை அச்சில் மாட்டியபடி கீழே மடிந்து ஒட்டிக் கிடந்தது. கம்பி எங்கே? விரலால் தடவிக்கொண்டே போனேன். கம்பியின் நுனி மேலே, சேசிஸோடு சேர்ந்து இருந்தது. அங்கே ஏதோ முடிச்சுப் போலப் புடைத்திருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் கறுப்பைச் சுரண்டினேன். கட்டுக்கம்பி. கட்டட வேலைக்குக் கம்பி கட்டுகிற அதே கம்பி, நாலு சுற்று, முறுக்கி வளைத்து, அதன்மேல் பூச்சு. கம்பியை முழுசாக மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆக, வண்டி வெறுமையாக இருந்தாலும் வால்வுக்கு எப்போதும் முழு லோடு. பின் பிரேக்குக்கு எப்போதும் முழு அழுத்தம்.

யார் கட்டியது என்று பத்து நிமிடம் மல்லாந்து கிடந்தபடி திட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், லோடோடு வரும்போது வண்டி நிற்கவே மாட்டேன் என்கிறது என்று ஒரு சயாவிடம், அதாவது பட்டறை மேஸ்திரியிடம், கொண்டுபோனேன். அவர் முன் பிரேக்கைப் பார்க்கலாமா என்றார். நான்தான், அதெல்லாம் வேண்டாம், முன் பேட் தேயவே இல்லை, பின்னால்தான் பிடிக்கவில்லை, பின்னால் நன்றாகப் பிடிக்கிற மாதிரி செய்து கொடுங்கள் என்றேன். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு 5,000 கியாட் வாங்கினார். வண்டி பிரமாதமாக நின்றது. நான் கேட்டதைத்தான் அவர் செய்திருக்கிறார்.

கட்டுக்கம்பியை வெட்டினேன். லிங்க்கை நிமிர்த்தி, காய்ந்துபோன புஷ்ஷை மாற்றி, ஸ்பிரிங் கம்பியோடு கோர்த்தேன். அப்புறம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். நேரே ரோட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முதல் திருப்பத்தில் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கிற மாதிரியே இல்லை. பெடல் கல்லாக இருக்கிறது, வண்டி பாட்டுக்குப் போகிறது. கியரைக் குறைத்து, இப்போது வேலை செய்கிற ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஒரு வேலி ஓரம் நிறுத்தினேன். கை நடுக்கம் நிற்கக் கால் மணி ஆனது. இரண்டு வருடமாக இந்த வண்டியைப் பின் சக்கரம் மட்டும்தான் நிறுத்திக்கொண்டிருந்தது என்று அந்த வேலியோரத்தில்தான் எனக்கு விளங்கியது. பிரேக்கில் எதைத் தொட்டாலும் முதலில் வாசலில், நடக்கிற வேகத்தில் பார்க்க வேண்டும். தெரிந்த விஷயம்தான், அன்று செய்யவில்லை.

இப்போது முன் பக்கம். ஐந்து வருடமாக முன் பேட் மாற்றியதே இல்லை. டீக்கடையில் நான் பெருமையாகச் சொல்லுகிற விஷயம் அது: "நம்ம ஓட்டுற ஓட்டுக்கு முன் பேட் தேயவே தேயாது." பேட்டை உருவினேன். ஒரு முனை 8 மி.மீ., மறுமுனை 5. ஆப்பு மாதிரி இருந்தது. பேட்டை டிஸ்க்கோடு அழுத்துகிற இந்தக் காலிப்பரில் ஒரு சக்கரத்துக்கு நாலு பிஸ்டன், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. பெடலை மெல்ல மிதிக்கச் சொல்லிப் பார்த்தால் மூன்று மட்டும் அசைந்தன. ஐந்து பிஸ்டன் துருவில் உறைந்து போயிருந்தன. தேயாத பேட், வேலை செய்யாத பேட்.

முதலில் பிளையரால் பிடித்துத் திருகி ஒரு பிஸ்டனின் பக்கவாட்டைக் கீறிவிட்டேன். அது வீண். பஞ்சர் கடைக் காற்று கொடுத்துப் பார்த்தோம், அசைகிற பிஸ்டன் மட்டும் மரக்கட்டையில் டப்பென்று மோதியது, மற்றது கேட்கவில்லை. கடைசியில் வழி இதுதான்: காலிப்பரைக் குழாயோடு விட்டுவிட்டு, அசைகிற பிஸ்டனை சி கிளாம்ப் போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பிரேக் பெடலையே மிதிப்பது. காற்றைவிடப் பிரேக் ஆயிலுக்குப் பல மடங்கு பலம். முக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வந்தது. காலிப்பரை இரண்டாகப் பிரிக்க மட்டும் போகவில்லை. துளைகளைச் சுத்தம் செய்து, குழி விழுந்த ஐந்து பிஸ்டனுக்கும் பழைய காலிப்பரிலிருந்து எடுத்த நல்ல பிஸ்டன் போட்டு, ரப்பர் எல்லாம் புதிதாக மாற்றினேன். பிரேக் ஆயில் மட்டும் தடவித்தான் ரப்பரை உட்கார வைத்தேன். கிரீஸோ டீசலோ பட்டால் ரப்பர் உப்பிவிடும், மறுபடி பிஸ்டன் சிக்கும்.

பழைய ஆயில் காப்பி நிறத்தில் வந்தது. பாட்டிலில் இருக்கும்போது டாட் 3 ரகப் பிரேக் ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்துவிட்டால் 140இலேயே கொதித்துவிடும். எங்கள் ஊர் ஈரத்துக்கும் என் 168 டிகிரி டிரம்முக்கும் இது எவ்வளவு நெருக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டாட் 4 இரண்டு பாட்டில் ஊற்றி, பெடல் அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடதிலிருந்து ஆரம்பித்து, ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம், ஏர் எடுப்பது என்பார்கள்.

"மிதி."

"மிதிச்சுட்டேன் அத்தான்."

"புடி... விட்ராதே... சரி, விடு."

நாலு சக்கரமும் முடிந்தது, பெடல் இன்னும் பஞ்சு மாதிரிதான். மறுபடி நாலு சக்கரமும். மறுபடி பஞ்சு. மச்சானுக்குக் கால் வலிக்க ஆரம்பித்த பிறகு அடியில் புகுந்து பார்த்தால் லோடு வால்விலேயே காற்றை வெளியே விடுகிற நிப்பிள் ஒன்று இருக்கிறது. அதையும் திறந்து எடுக்க வேண்டும். அரைப் பாட்டில் ஆயில் அதற்குள் மண்ணில் போய்விட்டது. அதைத் திறந்ததும் பொடிப்பொடியாக நுரை வந்தது, பெடல் கெட்டியானது.

பாக்கி, லிங்க்கின் நீளம். இதை முறையாக வைக்க முன்னும் பின்னும் பிரஷர் மீட்டர் மாட்டி, பின் அச்சில் குறிப்பிட்ட எடை வைத்துப் பார்க்க வேண்டும். முடோனில் அந்த மீட்டர் யாரிடமும் இல்லை. ஆகவே என்னுடையது கண்மட்டக் கணக்கு, அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். லிங்க்கின் மரையில் பழைய நட் இருந்த இடம் துருவில்லாமல் வளையமாகத் தெரிந்தது, அங்கேயே முதலில் வைத்தேன். தோட்டத்துக்குள் ஆள் இல்லாத நேர்வழியில், வெறும் வண்டியோடு, மணிக்கு 20 மைலில் ஓங்கி மிதித்தேன். மச்சான் தள்ளி நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்த்தான். பின்னால்தான் முதலில். ஏனென்று பார்த்தால், பின் பட்டை ஸ்பிரிங் முப்பது வருடப் பாரத்தில் தொய்ந்திருக்கிறது, வண்டி நின்ற இடத்திலேயே தாழ்ந்து நிற்கிறது, வால்வு கொஞ்சம் பாரம் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. லிங்க்கை 3 மி.மீ. குறைத்தேன். இன்னும் பின்னால். மறுபடி 3. இரண்டும் ஒன்றாக. இன்னும் 3 குறைத்ததும் முன் சக்கரம் முந்திக்கொண்டது, வண்டி நேர்கோட்டில் நின்றது. அங்கே நட்டை இறுக்கினேன். மண்ணில் நாலு கோடு பக்கத்தில் பக்கத்தில் நேராக விழுந்திருந்ததை ஃபோனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

அப்புறம் 300 வீசை, 500 வீசை, 700 வீசை என்று ஏற்றி ஏற்றிப் பார்த்தேன். மோல்மேனில் நிறுத்திச் சூடு அளந்தேன்: பின் வலது 84, இடது 81. முன் 118, 112. ஹேண்ட் பிரேக்கைச் சோதிக்கச் சைதான்லான் பகோடா மேட்டில் ஏறும் வழியில் பாதியில் நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு இறங்கி நின்றேன். நின்றது. இப்போதெல்லாம் எங்கே நிறுத்தினாலும் ஹேண்ட் பிரேக் இழுக்கிறேன், ஷூ நெருங்கி வரவும் அதுதான் வழி.

காசுக் கணக்கு. வீணாய்ப் போனது: மூன்று செட் ஷூவும் லேத் கூலியும் சேர்த்து 2,93,000 கியாட். நல்ல டயரைக் கழற்றிப் போட்டுப் புதிது மாற்றியதை இதில் சேர்க்கவில்லை, வயிறு எரியும். உருப்படியான செலவு: காலிப்பர் ரப்பர் இரண்டு செட் 64,000, பழைய பிஸ்டன் ஐந்து 60,000, முன் பேட் 55,000, பெல் கிராங்க் பின், மூடி, லிங்க் புஷ் எல்லாமாக 26,000, ஆயில் 34,000, சூடு பார்க்கிற துப்பாக்கி 58,000, நாலாவது செட் ஷூ 1,52,000. மொத்தம் 4,49,000. ஷூவையும் துப்பாக்கியையும் கழித்தால் கோளாறைத் தீர்த்தது 2,39,000, அதாவது நான் தேய்த்துப் போட்டதைவிடக் குறைவு.

மறுபடி செய்வதானால் முதல் நாளே நாலு சக்கரத்தின் சூட்டையும் எழுதுவேன், எழுதியதில் நாலையும் படிப்பேன். பிஸ்டனைப் பிளையரால் தொட மாட்டேன். டிரம்மைக் கடையக் கொடுப்பதற்கு முன் வண்டிக்கு அடியில் அரை மணி படுத்திருப்பேன். இடது டிரம் கடையாமலே இருந்திருக்கும், இப்போது 297க்கு இன்னும் 0.9 மி.மீ.தான் மிச்சம். பின் பட்டை ஸ்பிரிங்கை அப்படியே விட்டதும் முழு வேலை இல்லை. ஏப்ரல் மாதத் தண்ணீர்த் திருவிழாவுக்குள் மாற்ற வேண்டும். மாற்றினால் வண்டி உயரும், லிங்க்கை மறுபடி நீட்டி மறுபடி தோட்டத்து வழியில் மிதித்துப் பார்க்க வேண்டும்.

கட்டுக்கம்பியை டேஷ்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன். மச்சான் அதில் சாவி மாட்டிக்கொள்கிறான்.

முன் பேட்டையும் போன வாரமே அளந்தேன். புதிதில் 10, இப்போது 8.4. எட்டுப் பிஸ்டன் பக்கமும் ஒரே அளவு. அடுத்த செட் வாங்கி வைத்துவிட்டேன்.